நான்கு வயதுக் குழந்தையோடு நான்கு நாள் சிங்கப்பூர்: எங்கள் பட்டியலைக் கொஞ்சம் பாருங்களேன்

உறையூர்க்காரி:

எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் விடுமுறையை ஒட்டிச் சிங்கப்பூர் போகலாம் என்று எண்ணம். வியாழன் நள்ளிரவு திருச்சியில் விமானம் ஏறினால் வெள்ளி காலை அங்கே. திங்கள் இரவு திரும்புகிறோம். நான், கணவர், எல்.கே.ஜி. படிக்கும் மகள், அத்தை. அத்தைக்கு முட்டிவலி, சுத்த சைவம். மகளுக்கு மத்தியானத் தூக்கம் இன்னும் விடவில்லை. தூக்கம் தப்பினால் சாயங்காலம் ஊரைக் கூட்டிவிடுவாள்.

கணவர் எக்செல்லில் அரைமணிக்கு அரைமணி கட்டம் போட்டு வைத்திருக்கிறார். கார்டன்ஸ் பை த பே, அதன் இரண்டு குவிமாடங்கள், மெர்லயன், மரினா பே சாண்ட்ஸ் உச்சி, யுனிவர்சல் கேளிக்கைப் பூங்கா, கடல் காட்சியகம், உயிரியல் பூங்கா, பறவைப் பூங்கா, ரிவர் வொண்டர்ஸ், நைட் சஃபாரி, அறிவியல் மையம், சைனாடவுன், லிட்டில் இந்தியா, முஸ்தபா கடை, கடைசியாக விமான நிலையத்து ஜுவல் வளாகம். பார்க்கும்போதே எனக்கு மூச்சு வாங்குகிறது. எதை எடுக்க, எதை வைக்க? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பாலக்கரை பாபு:

நாலு வயதுப் பிள்ளைக்கு எதற்குங்க வெளிநாடு? நாளைக்கு அதற்கு ஒன்றுமே ஞாபகம் இருக்காது. ஏற்காடு கூட்டிப்போய் ஏரியில் படகு விட்டால் போதும். காசும் மிச்சம்.

ரெட்டைவால் அம்மா:

பாபு அண்ணா, பிள்ளைக்கு ஞாபகம் இல்லாவிட்டால் போகிறது, அம்மாவுக்கு இருக்கும். அவளும் ஊர் பார்க்க வேண்டாமா?

உறையூர்க்காரி, அந்த எக்செல்லை முதலில் மூடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம். அது முடிந்து நேரமும் தெம்பும் மிஞ்சினால் பக்கத்திலேயே ஒரு சின்ன இடம், அவ்வளவுதான். இரட்டையர்களை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவள் என்பதால் சொல்கிறேன்: நேரத்தைத் தின்பது இடங்கள் அல்ல, இடங்களுக்கு நடுவில் இருக்கும் தூரம். செருப்பு மாட்ட, கழிப்பறை போக, லிஃப்ட் தேட, தண்ணீர் குடிக்க. அரைமணிக் கட்டத்தில் இதற்கெல்லாம் இடமே கிடையாது.

காலையில் சீக்கிரம் கிளம்பி, மத்தியானத்துக்குள் முடித்து, சாயங்காலம் ஆறு மணிக்கு ஓட்டலுக்குள் அடைந்துவிடுங்கள்.

தேக்கா தம்பி:

சிங்கப்பூரில் குடியிருப்பவன். அக்கா சொன்னதில் ஒரு நாளுக்கு ஒரு இடம் என்பதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலையில் சீக்கிரம் என்பது இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்குப் பொருந்தாது.

கணக்கைப் பாருங்கள். இங்கே நேரம் இந்தியாவை விட இரண்டரை மணி முன்னால். இங்கே காலை எட்டரைக்கு உயிரியல் பூங்கா வாசலில் நிற்க வேண்டுமென்றால், குழந்தையின் உடம்புக்கு அது விடிகாலை ஆறு மணி. அதற்கு முன்னால் எழுப்பி, குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, ஒரு மணி நேரம் பயணமும் செய்ய வேண்டும். மறுபக்கம் பாருங்கள்: ஊரில் ஒன்பது மணிக்குத் தூங்குகிற குழந்தை இங்கே பதினொன்றரை வரை விழித்திருக்கும். ஆறு மணிக்கே அறைக்குள் அடைத்தால் ஐந்து மணி நேரம் மெத்தையில் குதித்துக்கொண்டிருப்பாள்.

நான்கு நாளுக்காக அவள் கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம், அப்படியே விடுங்கள். மெதுவாக எழுந்து பத்தரை, பதினொன்றுக்குக் கிளம்புங்கள். ஊரில் ஒரு மணிக்குத் தூங்கினால் இங்கே மூன்றரை. ஜனவரியில் இங்கே மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் கொட்டும், ஆகவே அந்த நேரத்தில் அறையில் இருப்பது எப்படியும் நல்லது. ஆறு மணிக்குத் தெம்பாக மறுபடி வெளியே வரலாம். கார்டன்ஸ் பை த பேயில் சூப்பர்ட்ரீ என்னும் செயற்கை மரங்களின் விளக்குக் காட்சி 7:45க்கும் 8:45க்கும், இலவசம். அவள் கணக்கில் முதல் காட்சி மாலை ஐந்தேகால்!

இதே காரணத்தால், பெரும்பாலானோர் சின்னக் குழந்தைக்கு வேண்டாம் என்று சொல்லும் நைட் சஃபாரியும் உங்களுக்கு ஒத்துவரும். ஏழேகாலுக்குத் திறக்கிறார்கள், டிராமில் உட்கார்ந்தபடியே சுற்றலாம், அத்தையின் முட்டிக்கும் நல்லது. இருட்டைக் கண்டால் உங்கள் மகள் பயப்படுவாளா என்பது மட்டும் உங்களுக்குத்தான் தெரியும்.

ரெட்டைவால் அம்மா:

அட, நேர வித்தியாசத்தை இப்படி நான் யோசிக்கவில்லை. நாங்கள் துபாய் போகிறவர்கள், அங்கே கடிகாரம் எதிர்ப்பக்கம், பிள்ளைகள் தானாகவே விடிகாலையில் எழுந்து உட்காரும். சரி, காலை விஷயத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

முதல் நாளுக்கு என்ன செய்யப்போகிறீர்கள்? காலையில் இறங்குவீர்கள், ஓட்டலில் அறை மத்தியானம் இரண்டு மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். ராத்திரி முழுக்க அரைத்தூக்கம் தூங்கிய குழந்தையையும் முட்டிவலிக்காரரையும் வரவேற்பறை சோபாவில் உட்கார வைக்க முடியாது. சீக்கிரம் அறை தருவார்களா என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். உறுதி சொல்லவில்லையென்றால் முந்தைய இரவுக்கும் சேர்த்தே காசு கட்டிவிடுங்கள். மொத்தப் பயணத்தில் இதைவிடப் பிரயோஜனமான செலவு இருக்காது.

உறையூர்க்காரி:

தேக்கா தம்பி, ரொம்ப நன்றி. கணவரிடம் படித்துக் காட்டினேன். எக்செல்லில் பாதி போயிற்று. ஆனால் யுனிவர்சலை மட்டும் விடமாட்டேன் என்கிறார். "குழந்தைக்காக" என்கிறார்.

சவாரிப் பிரியன்:

விடாதீர்கள்! அவ்வளவு தூரம் போய் யுனிவர்சல் பார்க்காமல் வருவதா? 2025இல் மினியன் லேண்ட் என்று தனிப் பகுதியே திறந்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம்.

ரெட்டைவால் அம்மா:

உங்கள் மகளின் உயரம் எவ்வளவு? முதலில் சுவரில் நிறுத்தி அளந்து பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரிக்குக் குறைந்தது 102 செ.மீ., மம்மி என்ற ரோலர் கோஸ்டருக்கு 122. நான்கு வயதுப் பிள்ளைகள் பலருக்கு நூறை ஒட்டித்தான் இருக்கும். டிக்கெட்டோ நான்கு வயது ஆனதும் வாங்கியாக வேண்டும். வெயிலில் வரிசையில் நின்று, முனையில் இருக்கும் அளவுகோலில் அளந்து "நீ ஏற முடியாது பாப்பா" என்றால் அழுகையை யார் சமாளிப்பது? அப்பா மம்மியில் கத்திவிட்டு வரும்வரை அம்மா வெளியே குழந்தையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இதற்குப் பெயர் குழந்தைக்காகவாம்.

சவாரிப் பிரியன்:

அக்கா ரொம்பக் காரம். ஏற முடியாதவற்றை விட்டுவிட்டு முடிந்தவற்றில் ஏறலாமே. பொம்மை வேடம் போட்டவர்களோடு படம் எடுப்பதே பிள்ளைகளுக்குப் போதும்.

தேக்கா தம்பி:

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஒரு வழி இருக்கிறது: அப்பா ஒரு நாள் மட்டும் தனியாகப் போகட்டும். சில பெரிய சவாரிகளில் தனியாள் வரிசை தனியாக உண்டு, சீக்கிரம் முடித்துவிடுவார். அந்த நேரத்தில் நீங்கள் மூவரும் பொட்டானிக்கல் கார்டன்ஸ் போங்கள். 1859இல் தொடங்கிய தோட்டம், 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஆர்க்கிட் பகுதிக்கு மட்டும்தான் கட்டணம். தோட்டத்துக்குள்ளேயே ஜேக்கப் பாலஸ் சிறுவர் தோட்டம் என்று ஒன்று இருக்கிறது. மரவீடு, சறுக்கு, மண், தண்ணீர் விளையாட்டு எல்லாம் உண்டு, நுழைவு இலவசம். குழந்தை இல்லாமல் பெரியவர்களை உள்ளே விடமாட்டார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விதி. அத்தை நிழலில் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளலாம்.

உயிரியல் பூங்கா, பறவைப் பூங்கா, ரிவர் வொண்டர்ஸ், நைட் சஃபாரி நான்கும் மண்டாயில் ஒரே இடத்தில் இருக்கின்றன. அதற்காக நான்கையும் பார்க்க வேண்டாம், ஒன்றோ இரண்டோ போதும். மண்டாய் நகரத்திலிருந்து நன்றாகத் தள்ளி, வடக்கே இருக்கிறது. இன்னொரு நாளும் அங்கே போவது வீண் அலைச்சல்.

மெர்லயனைத் தனியாகத் தேடிப் போக வேண்டாம். எட்டரை மீட்டர் உயரச் சிலை, அதன் முன்னால் ஐந்நூறு பேர் வாயைத் திறந்து தண்ணீர் குடிப்பதுபோலப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பக்கம் போகும்போது கண்ணில் பட்டால் சரி.

கிள்ளான் அண்ணன்:

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். கோலாலம்பூரை யாருமே பேசவில்லையே! இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து விசா வேண்டாம், முப்பது நாள் இருக்கலாம், வருகைப் படிவம் மட்டும் இணையத்தில் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர் ஓட்டல் அறைக்குக் கொடுக்கும் காசில் இங்கே இரண்டு அறை எடுக்கலாம். இரட்டைக் கோபுரத்துக்குக் கீழேயே கேஎல்சிசி பூங்கா, பெரிய விளையாட்டுத் திடல், கால் நனைக்கும் குளம், எல்லாம் இலவசம். அத்தைக்குப் பத்துமலை முருகன். வேறென்ன வேண்டும்?

உறையூர்க்காரி:

அண்ணா, அத்தை இதைக் கேட்டதும் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்! ஆனால் பத்துமலையில் 272 படி. கீழேயிருந்து முருகனைப் பார்த்துவிட்டு வந்தால் அவருக்கு மனசு ஆறாது, ஏறினால் முட்டி ஆறாது. இரண்டு ஊரையும் சேர்த்துப் போட்டுவிடலாமா?

கிள்ளான் அண்ணன்:

நான்கு நாளில் வேண்டாம் தங்கச்சி. பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம், நடுவில் இரண்டு குடிநுழைவுச் சோதனை, இரண்டுக்கும் குழந்தையை இறக்கி ஏற்ற வேண்டும். சிங்கப்பூரையே முடியுங்கள். அடுத்த தடவை ஒரு வாரமாக இங்கே வாருங்கள். கீழே நிற்கும் முருகன் சிலையும் 42.7 மீட்டர் என்று அத்தையிடம் சொல்லிவையுங்கள், தரையிலிருந்து கும்பிட்டாலும் கழுத்து வலிக்கும் உயரம்.

பாலக்கரை பாபு:

சிங்கப்பூரிலும் முருகன் இருக்கிறாரே! டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில். அங்கே படி ஏறும் கவலை இல்லை. (ஏற்காடு போகச் சொன்னவன் இப்படி உதவி செய்கிறேன், கவனிக்கவும்.)

உறையூர்க்காரி:

கவனித்தேன் அண்ணா. தங்கும் இடம்தான் இப்போது கேள்வி. மூன்று பெரியவர்கள், ஒரு குழந்தை. ஓட்டலில் ஒரே அறையில் விடமாட்டேன் என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் ஏதோ செயலியில் வீடு எடுக்கலாம், சமையலறையோடு மலிவு என்கிறார்.

தேக்கா தம்பி:

வேண்டவே வேண்டாம். சிங்கப்பூரில் தனியார் குடியிருப்பைக் குறைந்தது மூன்று மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம், வீவக (அரசு அடுக்குமாடி) வீடு என்றால் ஆறு மாதம். நான்கு நாளுக்கு வீடு தருகிறேன் என்கிறவர் சட்டத்தை மீறுகிறார். நடு ராத்திரியில் காவலாளி கேள்வி கேட்டால் பெட்டியோடு நீங்கள்தான் நிற்பீர்கள். நான்கு பேர் படுக்கும் குடும்ப அறை இருக்கும் ஓட்டலாகவோ, நடுவில் கதவு வைத்த இரண்டு அறையாகவோ பாருங்கள்.

பகுதி என்றால் லிட்டில் இந்தியா. சாப்பாட்டுக்காக மட்டும் சொல்லவில்லை. அங்கே எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இரண்டு தடம் சந்திக்கின்றன. டவுன்டவுன் தடத்தில் ஒரு பக்கம் போனால் பொட்டானிக்கல் கார்டன்ஸ், மறுபக்கம் போனால் பேஃபிரண்ட், அதாவது கார்டன்ஸ் பை த பே. வடகிழக்குத் தடத்தில் போனால் ஹார்பர்ஃபிரண்ட், அங்கிருந்து யுனிவர்சல் இருக்கும் செந்தோசா தீவு. மூன்றுக்கும் வண்டி மாற வேண்டாம். தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படி ஏறி இறங்கினவர்களுக்கு இதன் அருமை தெரியும். இன்னொன்று, கேகே மகளிர், சிறார் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. தேவைப்படக் கூடாது, ஆனால் தெரிந்திருக்கட்டும். அவசர ஆம்புலன்ஸுக்கு 995.

ஞாயிறு சாயங்காலம் மட்டும் அந்தப் பகுதித் தெருக்களில் குழந்தையோடு நடக்காதீர்கள். வேலைக்கு வந்த நம் பையன்கள் எல்லோருக்கும் அன்றுதான் விடுமுறை, கால் வைக்க இடம் இருக்காது. முஸ்தபாவுக்கு வேறு நாள் போங்கள்.

வண்டி விஷயம் முக்கியம். 1.35 மீட்டருக்குக் குறைவான குழந்தைகளுக்குக் காரில் அதற்கான இருக்கை கட்டாயம். டாக்சிக்கு மட்டும் விலக்கு உண்டு. செயலியில் வரும் தனியார் கார்களுக்கு விலக்கு இல்லை, ஓட்டுநர் ஏற்ற மறுத்தால் அவர்மேல் தப்பில்லை. ஆகவே செயலியில் டாக்சியைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் தெருவில் கைகாட்டி நிறுத்துங்கள். காலை, மாலை நெரிசல் நேரத்தில் மீட்டருக்கு மேல் கால் பங்கு கூடுதல், நள்ளிரவுக்கு மேல் பாதி கூடுதல்.

ரெட்டைவால் அம்மா:

தள்ளுவண்டி எடுத்துப் போகிறீர்கள்தானே? "நாலு வயசாச்சு, நடப்பாள்" என்று வீட்டில் சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஊரில் எங்கே நடக்கிறார்கள் இவர்கள்? வாசலில் வண்டி ஏறினால் பள்ளியில்தான் இறங்குவது. அங்கே ஒரு நாளுக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் சாதாரணமாகப் போய்விடும். குடைபோல மடங்குகிற இலேசான வண்டி போதும். குழந்தை உட்காராத நேரத்தில் அத்தையின் பையைச் சுமக்கும்.

தேக்கா தம்பி:

ஆமாம், கொண்டு வாருங்கள். 2017இலிருந்து பேருந்திலும் தள்ளுவண்டியை மடக்காமலே ஏற்றலாம். மாடிப் பேருந்து வந்தால் மட்டும் மடக்கிவிட்டு மேலே முன் இருக்கையில் மகளை உட்கார வையுங்கள். யுனிவர்சலுக்குக் கொடுக்கும் காசுக்கு இதில் மாதக்கணக்கில் போகலாம்.

0.9 மீட்டருக்குக் கீழ் இருக்கும் குழந்தைக்கு ரயில், பேருந்து இலவசம். அதற்கு மேல் என்றாலும் ஏழு வயதுக்குள் இருந்தால் சலுகை அட்டை உண்டு, நிலையத்து டிக்கெட் அலுவலகத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள். பெரியவர்கள் வங்கி அட்டையைத் தட்டியே போகலாம், வெளிநாட்டு அட்டை என்றால் பயன்படுத்தும் நாளுக்கு அறுபது காசு (சென்ட்) கூடுதல்.

ரயிலில் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. அபராதம் ஐந்நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை. முறுக்கு டப்பாவை இறங்கிய பிறகு திறக்கவும்.

மடிசார் பாட்டி:

சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசக் காணோமே. சைவத்துக்கு அங்கே கவலையே வேண்டாம்மா. சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் 1947இலிருந்து இருக்கிறது, ஆனந்த பவன் அதற்கும் முன்னால், 1924. குழந்தைக்கு இட்லி, தயிர்சாதம் மூன்று வேளையும் கிடைக்கும். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். ஆனால் மண்டாய்ப் பக்கம் போகிற நாளைக்குக் காலையிலேயே கட்டிக்கொண்டு போங்கோ. பசித்த குழந்தையை வைத்துக்கொண்டு மெனு கார்டு படிக்க முடியாது.

மருந்து ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள்: காய்ச்சல் மருந்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட், மருத்துவர் சீட்டின் நகல். கோடீன் கலந்த இருமல் மருந்து மட்டும் வேண்டாம், அங்கே அதற்கு முன் அனுமதி வேண்டும். விமானம் இறங்கும்போது குழந்தைக்குக் காது அடைக்கும், ஏதாவது சப்பக் கொடுங்கள். சூயிங்கம் வேண்டாம், அதையும் அந்த ஊருக்குள் கொண்டுபோகக் கூடாது.

உறையூர்க்காரி:

பாட்டி, நன்றி. அத்தை மின்சாரக் குக்கர் எடுத்துவரட்டுமா என்று கேட்கிறார்!

மடிசார் பாட்டி:

ஓட்டல் அறையில் சமைக்க விடமாட்டார்கள், புகை மணி அடித்தால் மானம் போகும். அங்கே பிளக்கும் வேறு மாதிரி, மூன்று சதுரக் கால். போன் சார்ஜருக்கே அடாப்டர் வேண்டும். அத்தையை நிம்மதியாக வரச் சொல்.

உறையூர்க்காரி:

கணவரும் நானும் உட்கார்ந்து திருத்திய திட்டம் இது. குறை சொல்லுங்கள்.

வெள்ளி: முந்தைய இரவுக்கும் சேர்த்து அறை எடுத்துவிட்டோம். வந்ததும் குளியல், தூக்கம். சாயங்காலம் கார்டன்ஸ் பை த பே, 7:45 காட்சி.
சனி: பதினொரு மணிக்கு மண்டாய், உயிரியல் பூங்கா மட்டும். தூக்கம் டாக்சியில். ராத்திரி தேக்காவில் (லிட்டில் இந்தியா) சாப்பாடு, முஸ்தபா.
ஞாயிறு: கணவர் தனியாக யுனிவர்சல். (வெட்கமே இல்லாமல் சம்மதித்துவிட்டார்.) நாங்கள் டேங்க் ரோடு கோயில். சாயங்காலம் செந்தோசாவில் அவரோடு சேர்ந்து கடற்கரை.
திங்கள்: ஜேக்கப் பாலஸ் தோட்டம், பிறகு ஜுவல், விமானம்.

மகளின் உயரம் 99 செ.மீ.

தேக்கா தம்பி:

திங்களும் ஞாயிறும் இடம் மாற வேண்டும். ஜேக்கப் பாலஸ் திங்கட்கிழமை மூடியிருக்கும். கார்டன்ஸ் பை த பேக்குள் இருக்கும் சிறுவர் தண்ணீர் விளையாட்டிடமும் திங்கள் விடுமுறை. ஞாயிறு பதினொரு மணிக்குத் தோட்டம், திங்கள் காலை கோயில் என்று வையுங்கள். கோயில் மத்தியானம் நடை சாத்திவிடும், அன்று மட்டும் கொஞ்சம் சீக்கிரம் எழுந்தாக வேண்டும்.

வெள்ளி சாயங்காலம் மழை விடவில்லையென்றால் கிளவுட் ஃபாரஸ்ட் குவிமாடத்துக்குள் போய்விடுங்கள். உள்ளே முப்பத்தைந்து மீட்டர் அருவி, குளுகுளு என்று இருக்கும், அத்தைக்கு ஒரு சால்வை எடுத்து வையுங்கள். பராமரிப்புக்காக அவ்வப்போது மூடுவார்கள், தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள், முன்கூட்டியே எல்லாவற்றுக்கும் வாங்கி வைக்காதீர்கள். மின்னல் இருந்தால் வெளியே தண்ணீர் விளையாட்டையும் நிறுத்திவிடுவார்கள்.

ஜுவல் அருமையான முடிவு. நாற்பது மீட்டர் அருவியைச் சும்மாவே பார்க்கலாம். மேல்மாடிப் பூங்காவுக்குத்தான் காசு.

ரெட்டைவால் அம்மா:

விசா போட்டாயிற்றா? குழந்தைக்கும் தனி விசா, தனிப் படம், வெள்ளைப் பின்னணி. கட்டணம் ஆளுக்கு முப்பது வெள்ளி, முகவர் கூலி தனி. நிராகரித்தால் திரும்ப வராது.

தேக்கா தம்பி:

அதோடு வருகை அட்டை. வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், குழந்தைக்கும் சேர்த்து. குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் இது முற்றிலும் இலவசம். தேடினால் முதலில் வரும் சில தளங்கள் காசு கேட்கும், அவை போலி.

உறையூர்க்காரி:

விசா முகவரிடம் கொடுத்தாயிற்று. மகளைக் கண்ணை மூடாமல் படம் பிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. ஞாயிறும் திங்களும் மாற்றிவிட்டேன். செந்தோசாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம்: ஹார்பர்ஃபிரண்டிலிருந்து தள்ளுவண்டியோடு நடந்தே போகலாமா, ரயில்தான் வேண்டுமா?

தேக்கா தம்பி:

விவோசிட்டி கடைத்தொகுதியிலிருந்து நடைபாலம் இருக்கிறது, தள்ளுவண்டி தாராளமாகப் போகும், நடந்து போனால் நுழைவும் இலவசம். அத்தைக்கு முடியவில்லையென்றால் குட்டி ரயில் ஆளுக்கு நான்கு வெள்ளி. தீவுக்குள் போய்விட்டால் பேருந்தும் கடற்கரை டிராமும் இலவசம். போகும்போது நடங்கள், திரும்பும்போது ரயிலில் வாருங்கள். கடல் மண்ணோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம். மாற்று உடை இரண்டு செட்.